கேட்காமல் வந்த ஸ்டாம்புக்குக் காசு கட்ட வேண்டுமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். பள்ளி நாளிலிருந்து தபால்தலை சேர்க்கிறேன், அதிலும் பிரெஞ்சு இந்தியா என்றால் உயிர். போன வருடம் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, வெளிமாநில வியாபாரி ஒருவரிடம் தபாலில் 150 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து, நான் கேட்காமலே இன்னொரு உறை வந்தது. உள்ளே 42 ஸ்டாம்ப், ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் விலை, மொத்தம் 2,340 ரூபாய். அதில் இரண்டு, ‘பிரான்ஸ் லிப்ர்’ என்று மேலே அச்சடித்த பிரெஞ்சு இந்தியா ஸ்டாம்ப். ‘பிடித்ததை வைத்துக்கொண்டு பணம் அனுப்பவும். மீதியை 10 நாளில் திருப்பவும். தவறினால் முழுவதையும் வாங்கியதாகக் கொள்ளப்படும்’ என்று ஒரு சீட்டும் இருந்தது. நான் அதை அலமாரியில் வைத்து மறந்துவிட்டேன். விடுமுறைக்கு வந்த என் பேரன், ஏழாம் வகுப்பு படிக்கிறான், அதிலிருந்து பூ, பட்டாம்பூச்சி படம் போட்ட நான்கை எடுத்துத் தன் ஆல்பத்தில் ஒட்டிவிட்டான். அப்புறம் 1,575 ரூபாய் விலை போட்டு இரண்டாவது உறை வந்தது. அதை என் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கினார், இன்னும் பிரிக்கவில்லை. இப்போது ‘சட்டப் பிரிவு’ என்ற பெயரில் ஒரு கடிதம்: தாமதக் கட்டணம் 500 சேர்த்து 4,415 ரூபாயை 7 நாளில் கட்டாவிட்டால் போலீஸில் புகார், சிபில் ஸ்கோர் பாதிக்கும் என்கிறார்கள். மனைவி தூங்காமல் தவிக்கிறார். பணம் கட்டிவிடட்டுமா? இல்லை, அந்த இரண்டு பிரெஞ்சு இந்தியாவை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்குப் பணம் கட்டலாமா? என் செலவில் திருப்பி அனுப்ப வேண்டுமா? நண்பர் ஒருவர், ‘கேட்காமல் வந்தது இனாம்தான், வைத்துக்கொள்’ என்கிறாரே, அது சரியா?

பதில்: ஐயா, முதலில் உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள், அந்தக் கடிதத்துக்காக போலீஸ் யாரும் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை. வியாபாரி கேட்பது ஒரு பொருளின் விலை. அது சிவில் விவகாரம். விலை பாக்கி என்று சொல்லி வசூல் செய்து கொடுப்பது காவல் நிலையத்தின் வேலை இல்லை. சிபில் மிரட்டலும் அப்படித்தான். கடன் தகவல் நிறுவனங்களுக்கு விவரம் கொடுப்பவை வங்கிகளும் நிதி நிறுவனங்களும். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கென்றே வரம்பு போட்டிருக்கிறது. ஸ்டாம்ப் வியாபாரி தன் பாக்கிப் பட்டியலை அங்கே ஏற்ற வழியில்லை. ‘சட்டப் பிரிவு’ என்று தலைப்பு அச்சடித்த கடிதம் நீதிமன்றச் சம்மன் ஆகிவிடாது. சம்மன் என்றால் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், முத்திரை, ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். அப்படி ஒன்று நிஜமாகவே வந்தால் மட்டும் ஒருநாளும் அலட்சியம் செய்யாதீர்கள். நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.

இப்போது முக்கியக் கேள்விக்கு வருவோம். பதில் சொல்லாமல் இருந்ததாலேயே வாங்கியதாக ஆகிவிடுமா? ஆகாது. நம் ஊரில் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். கல்யாணப் பேச்சுக்கு அது பொருந்தலாம், ஒப்பந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் முன்வைத்ததை மற்றவர் ஏற்கிறார் என்பது ஏதாவது ஒரு விதத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். ‘நீ வாய் திறக்காவிட்டால் ஏற்றுக்கொண்டாய் என்று வைத்துக்கொள்வேன்’ என்று ஒரு தரப்பே விதி போட முடியாது. இதற்குச் சட்டக் கல்லூரியில் சொல்லித்தரும் பழைய வழக்கு ஒன்று உண்டு, 1862-இல் இங்கிலாந்தில் தீர்ப்பானது. ஒருவர் தன் உறவுப் பையனின் குதிரைக்கு 30 பவுண்டு 15 ஷில்லிங் விலை சொல்லி, ‘உன்னிடமிருந்து வேறு தகவல் வராவிட்டால் குதிரை என்னுடையது’ என்று எழுதினார். பையனுக்கும் கொடுக்க மனம்தான், ஆனால் பதில் எழுதவில்லை. குதிரை தவறுதலாக ஏலத்தில் போய்விட்டது. உறவினர் வழக்குப் போட்டார், தோற்றார். மௌனத்தை வைத்து ஒப்பந்தம் முடிந்ததாகச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். உங்கள் உறைக்குள் இருந்த சீட்டும் அதே ரகம்தான். அந்தப் பத்து நாள் கெடு அவர்களாகப் போட்டது, உங்களைக் கட்டாது.

ஆனால் ஒன்று. இவ்வளவும் நீங்கள் நிஜமாகவே கேட்காமல் இருந்தால்தான். அந்த 150 ரூபாய் பாக்கெட்டுக்கு அனுப்பிய கூப்பனைத் தேடிப் பாருங்கள். நகல் இல்லாவிட்டால் அந்த விளம்பரத்தையாவது தேடுங்கள். ஸ்டாம்ப் வியாபாரத்தில் மலிவு பாக்கெட் என்பது பல சமயம் வாசற்படிதான். ‘அப்ரூவல் (பார்வைக்கு வரவழைத்து, பிடித்ததை வாங்கும் முறை) கேட்பவர்களுக்கு மட்டும் இந்த விலை’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி போடுவது உலகம் முழுக்க இந்தத் தொழிலில் வெகுகாலப் பழக்கம். அந்த வரியோடு கூடிய கூப்பனில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், பார்த்துப் பிடித்தால் வாங்குகிறேன் என்று நீங்களே கேட்டதாகிவிடும். அப்போது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வந்து நிற்கும். பார்வைக்கு அனுப்பிய பொருளை, குறித்த கெடு தாண்டியும், வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருந்தால் அது வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடும், விலையும் கொடுக்க வேண்டும். கெடு குறிக்காவிட்டால் நியாயமான கால அளவு. ஆக, ஒரே உறை, ஒரே சீட்டு, ஆனால் கூப்பனில் உள்ள ஒரு வரியால் உங்கள் நிலை தலைகீழாகும். அதனால்தான் எதையும் எழுதி அனுப்பும் முன் இதைப் பார்க்கச் சொல்கிறேன். அப்படி ஒரு வரி இருந்தால் கீழே உள்ள கடிதத்தை அனுப்ப வேண்டாம். நகலோடு எனக்கு எழுதுங்கள், அல்லது கடலூரிலேயே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அப்போதும்கூட அந்த 500 ரூபாய் தாமதக் கட்டணத்தை நீங்கள் எங்கும் ஒப்புக்கொள்ளாமல் அவர்களாக ஏற்ற முடியாது.

கூப்பனை ஒருவேளை பேரன் நிரப்பி அனுப்பியிருந்தால்? பல வீடுகளில் அதுதான் நடக்கிறது, தாத்தாவின் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அது. 1903-இல், அன்று நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், மோகரி பீபி வழக்கில் அடித்துச் சொன்னதும் அதுதான். பையனைக் கேளுங்கள், ஆனால் திட்டாமல் கேளுங்கள். ஸ்டாம்ப் மீது ஆசை வந்த பிள்ளையை இந்தக் கூத்தால் பயமுறுத்திவிட வேண்டாம்.

அடுத்து உங்கள் நண்பர் சொன்னது. அவர் அதை எங்கிருந்தோ சரியாகத்தான் படித்திருக்கிறார், ஆனால் அது வேறு நாட்டுச் சட்டம். அமெரிக்காவில் 1970-இல் வந்த தபால் சட்டம், கேட்காமல் தபாலில் அனுப்பிய சரக்கைப் பெற்றவர் இனாமாகவே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. பிரிட்டனில் 1971-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களையும் பிள்ளைகளையும் குறிவைக்கும் இந்த முறைக்கு, ‘அனுப்பினால் போச்சு’ என்ற ஒரு வரிச் சட்டம் போதும், அடுத்த மாதமே நின்றுவிடும். ஆனால் இல்லாத சட்டத்தை நம்பி நீங்கள் நடக்க முடியாதே. இங்கே அந்த ஸ்டாம்புகள் இன்னும் அவர்களுடையவை. நீங்கள் விலை கட்ட வேண்டியதில்லை, அதே சமயம் அவற்றை உங்களுடையது போலப் பயன்படுத்தவும் கூடாது. விற்பது, நண்பருடன் மாற்றிக்கொள்வது, ஆல்பத்தில் ஒட்டுவது எல்லாம் பயன்படுத்துவதில் சேரும்.

பேரன் ஒட்டிய நான்கு ஸ்டாம்ப் விஷயம் இங்கேதான் வருகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவுக்குச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: கடைக்காரர் ஒருவர் தவறுதலாகச் சரக்கை ஒருவர் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார், வீட்டுக்காரர் அதைத் தன்னுடையதாகப் பாவித்தால் விலை கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே அனுப்பிய வியாபாரிக்கு இந்தச் சலுகை எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வாதாடலாம்தான். ஆனால் நான்கு ஸ்டாம்புக்காக அந்த வாதத்தை இழுப்பானேன்? பென்சிலில் போட்டிருந்த விலையைக் கூட்டிப் பாருங்கள். பூ, பட்டாம்பூச்சி ரகம் என்று எழுதியிருக்கிறீர்கள், பெரிதாக வராது. அந்த நான்குக்கு மட்டும் பணம் கட்டிவிடுங்கள். ஆல்பத்திலிருந்து பிய்த்துத் திருப்பி அனுப்ப முயல வேண்டாம். ஒட்டிய ஹிஞ்சை (ஸ்டாம்பை ஆல்பத்தில் பிடித்து வைக்கும் சிறு பசைத்தாள்) இழுத்தால் பின்பக்கத் தோல் கையோடு வரலாம், பிறகு ஸ்டாம்பைச் சேதம் செய்தீர்கள் என்று இன்னொரு கணக்கு எழுதுவார்கள். பணம் கட்டும்போது அது எதற்கு என்று கடிதத்தில் தெளிவாக எழுத வேண்டும். காரணம் சொல்லாமல் ஒரு தொகை அனுப்பினால், மொத்தத்தையும் ஒப்புக்கொண்டு முதல் தவணை கட்டினார் என்று அவர்கள் வாசிப்பார்கள்.

மீதமுள்ள 38-ஐ என்ன செய்வது? ஒரு நல்ல பகல் வெளிச்சத்தில் மேசையில் வெள்ளைத்தாள் விரித்து, ட்வீசரால் எடுத்து வரிசையாக அடுக்குங்கள். விரலால் தொடாதீர்கள். முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், விலைச் சீட்டோடு சேர்த்து. பக்கத்தில் அன்றைய தினசரியை வையுங்கள், தேதி தெரியட்டும். பின்பக்கத்தைத் தவறாமல் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘நாங்கள் பசையோடு புதுசாக அனுப்பினோம், ஹிஞ்ச் ஒட்டியதாகத் திரும்பி வந்தது’ என்பதுதான் இந்த வியாபாரத்தில் வழக்கமாக வரும் குற்றச்சாட்டு. படம் எடுத்ததும் கிளாசின் உறையில் (வழவழப்பான மெல்லிய தாளுறை) போட்டு, நிமிர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி மூடாதீர்கள். கடலூர் கடற்காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்தால் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரிக்காத இரண்டாவது உறையை அப்படியே இருக்க விடுங்கள். ஒட்டிய வாய்ப்பகுதி தெரிய இரண்டு பக்கமும் படம் எடுத்தால் போதும். வீட்டம்மா கையெழுத்துப் போட்டது உறை கைக்கு வந்தது என்பதற்குத்தான் சாட்சி, உள்ளே இருப்பதை வாங்க ஒப்புக்கொண்டதற்கு அல்ல.

படம் எடுக்கும்போது ஸ்டாம்புகளின் தரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். முத்திரை ஒரு மூலையில் மட்டும் கச்சிதமான கால்வட்டமாக விழுந்து, திருப்பினால் பசை முழுசாக இருக்கிறதா? அப்படியானால் அவை தபாலில் போகவே இல்லை. சேகரிப்பவர்களுக்கு மொத்தமாக விற்பதற்காகவே முத்திரை குத்திக் கொடுக்கப்பட்டவை. 20, 30 ரூபாய் என்று விலை போட்டிருப்பது பெரும்பாலும் இந்த ரகத்துக்குத்தான். பிரெஞ்சு இந்தியாவில் இரண்டு இருந்ததாகச் சொல்கிறீர்கள், அதிலும் ‘பிரான்ஸ் லிப்ர்’ என்று மேலச்சுப் போட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புதுச்சேரி சுதந்திர பிரான்ஸ் பக்கம் நின்றபோது, கையிருப்பில் இருந்த ஸ்டாம்புகளின் மேல் அச்சடித்தவை அவை. மூல ஸ்டாம்ப் அசலாக இருக்கும், மேலச்சு மட்டும் பின்னால் யாரோ போட்டதாக இருக்கும். பிரெஞ்சுக் காலனி ஸ்டாம்புகளில் இந்தப் போலி புழக்கத்தில் உள்ளதுதான். ஆசைப்பட்டு அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் ஐயா. அனுபவம் உள்ள ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லும் வரை வேண்டாம். அதோடு, அந்த இரண்டை இப்போது வாங்கினால், அவர்கள் அனுப்பியதை நீங்கள் ஏற்றுத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றே ஆகிவிடும். வழக்கில் உங்கள் நிலை பலவீனப்படும்.

திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது அல்ல. முறைப்படி வாங்கியவரே சரக்கை நிராகரிக்க உரிமை இருந்து நிராகரித்தால், வேண்டாம் என்று தெரிவித்தால் போதும், தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு. வாங்கவே ஒப்பாத உங்களுக்கு அந்தச் சுமை எப்படி வரும்? ஆனால் மௌனமாக இருப்பதை இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இப்படி ஒரு கடிதம் போடுங்கள். வெளிமாநிலம் என்பதால் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம், சாரம் இதுதான்:

“தங்களிடம் நான் வாங்கியது 150 ரூபாய் பாக்கெட் ஒன்று மட்டுமே. அதன் பின் தாங்கள் அனுப்பிய இரண்டு உறைகளையும் நான் கேட்கவில்லை, வாங்கச் சம்மதிக்கவும் இல்லை. முதல் உறையில் 38 ஸ்டாம்புகள் வந்த நிலையில் உள்ளன, படங்கள் இணைத்துள்ளேன். இரண்டாவது உறை பிரிக்கப்படவில்லை. வீட்டுச் சிறுவன் அறியாமல் எடுத்த நான்கு ஸ்டாம்புகளுக்குத் தாங்கள் குறித்த விலையை மட்டும் இத்துடன் செலுத்துகிறேன். இது மற்றவற்றை வாங்க ஒப்புக்கொண்டதாகாது. 30 நாளுக்குள் தங்கள் செலவில் ஆள் அனுப்பியோ, திரும்பும் தபால் செலவை அனுப்பியோ இவற்றைப் பெற்றுக்கொள்ளவும். இனி எதுவும் அனுப்ப வேண்டாம். என் பெயரைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கவும்.”

இதை ஸ்பீட் போஸ்டில், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியோடு அனுப்புங்கள். அவர்கள் தபால் செலவு அனுப்பி நீங்கள் ஸ்டாம்புகளைத் திருப்பும்போதும் அதே வழிதான். கவுண்டரில் தரும் ரசீதில் எடை கிராம் கணக்கில் அச்சாகும். வெறும் உறைதான் வந்தது என்று பின்னால் யாரும் சொன்னால் அந்த எடை உங்கள் சாட்சி. அதனால் ரசீது மங்கிப்போகும் முன் அதையும் படம் எடுத்துவிடுங்கள்.

இனி இவர்களிடமிருந்து உறை வந்தால் பிரிக்காதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். ‘பெற மறுக்கிறேன்’ என்று தபால்காரரிடம் சொன்னால் அவர் குறிப்பு எழுதி, அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார், உங்களுக்குச் செலவில்லை. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். வி.பி.பி.யில் வந்தால் இன்னும் உஷார். பணம் கட்டிய பிறகுதான் உறை கைக்கு வரும், உள்ளே குப்பை இருந்தாலும் போன காசைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. வி.பி.பி. என்பதே, கேட்டு ஆர்டர் கொடுத்தவருக்கு அனுப்புவதற்கான ஏற்பாடு. உண்மையான ஆர்டரின் பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புபவரிடம் உறுதிமொழி வாங்க 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்திலேயே இடம் வைத்திருந்தார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் மறுத்துவிடாதீர்கள். ஸ்டாம்ப் உறையை மறுக்கலாம், வக்கீல் நோட்டீஸையோ நீதிமன்றத் தபாலையோ மறுக்கக் கூடாது. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் வந்ததை மறுத்தால், அது உங்களுக்குச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் போவது உங்களுக்குத்தான் நஷ்டம்.

கடிதம் போட்ட பிறகும் மிரட்டல் தொடர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், காசு கிடையாது. பல வியாபாரிகள் அந்தக் கட்டத்திலேயே ஒதுங்கிக்கொள்வார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. வியாபாரி எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. அவர்களிடம் ஒரு முறை காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள், அந்த 150 ரூபாய் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நியாயமற்ற வணிக முறை என்று வாதிட அது பிடிமானம்.

அப்ரூவல் என்றாலே மோசடி என்று நீங்கள் முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். ஸ்டாம்ப் கடையே இல்லாத ஊர்களில் இருந்த பிள்ளைகள் ஹங்கேரி, சான் மரினோ என்று நாடுகளைக் கண்ணால் கண்டது இந்த அப்ரூவல் புத்தகங்களில்தான். கேட்டவருக்கு மட்டும் அனுப்பி, எண்ணிப் பார்க்காமலே நம்பிய வியாபாரிகள் நிறையப் பேர் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் இப்படிப்பட்டவர்கள் பிழைக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். புது வெளியீடுகள் வீட்டுக்கே வர வேண்டுமானால் அஞ்சல் துறையின் தபால்தலை வைப்புக் கணக்கு இருக்கிறது. நீங்கள் பணம் போட்டு, என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், முகமதிப்பு விலையிலேயே வரும். மஞ்சக்குப்பம் தலைமை அஞ்சலகத்திலோ, இந்தப் பக்கம் வரும்போது புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதித் தலைமை அஞ்சலகத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். பேரன் பெயரில் தொடங்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

30 நாளில் அவர்கள் வராவிட்டால் அந்த ஸ்டாம்புகளைத் தூக்கிப் போடவோ, ஆல்பத்தில் சேர்க்கவோ வேண்டாம். கடிதத்தின் நகல், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி, ரசீதுகள் எல்லாவற்றையும் இரண்டு உறைகளோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். சரக்கு விலைக்கு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் தரும் அவகாசம் மூன்று ஆண்டு. அதுவரை அந்தக் கோப்பு உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், பேரன் கைக்கு எட்டாத இடத்தில்.